மேலே ஒருவர், கீழே ஒருவர்

இந்தப் பெண்ணும் கேட்கத்தான் போகிறாள். ஒற்றை ஆளுக்கு எதற்கு மாடியும் கீழுமாக ஒரு வீடு என்று. நேற்றுப் பேசியவள் சுற்றி வளைத்துக் கேட்டாள். இவள் குரலில் இருக்கும் சுறுசுறுப்புக்கு நேராகவே கேட்டுவிடுவாள். கேட்கட்டும். கட்டும்போது நாங்கள் இரண்டு பேர் இருந்தோம் அம்மா, ஒரு ஆள் குறைந்தால் மாடியையும் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று கொத்தனார் சொல்லவில்லையே என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, யாருடையதோ ஒரு கால்சட்டையின் ஓரத்தைப் பிரித்தபடி, அவள் பதிலை மனதுக்குள் ஒத்திகை பார்த்து முடித்தாள். வைஃபை நிறுவனத்திலிருந்து போனில் வந்த பெண் கேட்டது வேறு.

"மேடம், உங்களோட இரண்டாம் நபர் பக்கத்துல இருக்காங்களா?"

"யாரு?"

"இரண்டாம் நபர் மேடம். மாடிக்கும் கீழுக்கும் நடுவுல சிக்னல் பிரச்சனைன்னா நாங்க இருவர் சோதனை செய்வோம். ஒருத்தர் கீழ வைஃபை பெட்டிகிட்ட நிக்கணும், ஒருத்தர் மாடில நிக்கணும். நான் 'இப்ப'ன்னதும் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வருதா வரலையான்னு சொல்லணும்."

"நானே கீழ சொல்லிட்டு, மேல ஏறிப் போய்ச் சொல்றேனே."

"ஒரே நேரத்துல மேடம்."

"அது எப்படிம்மா முடியும்?"

"அதுக்குத்தான் மேடம் இரண்டாம் நபர்."

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "இங்க நான் மட்டும்தாம்மா. வீட்டுக்காரர் இறந்து மூணு வருஷமாச்சு."

எதிர்முனையில் விசைகளைத் தட்டும் சத்தம் நின்றது. "சாரி மேடம்," என்றாள் அந்தப் பெண். அது மனதிலிருந்து வந்த சாரிதான். ஆனால் அடுத்த மூச்சிலேயே, "எங்க கம்ப்யூட்டர்ல அதுக்கு இடமில்ல மேடம். 'வீட்டில் இருக்கிறார்', 'பிறகு வருவார்', ரெண்டே ரெண்டுதான். எதையாவது தொட்டாத்தான் அடுத்த பக்கம் திறக்கும்," என்றாள்.

"அப்ப என்ன பண்ணுவே?"

"பிறகு வருவார்னு போட்டுக்கறேன் மேடம். உங்க நல்லதுக்குத்தான்."

நடந்தது அவ்வளவுதான். ஒரு பெண் தன் வேலையைச் சீக்கிரம் முடிக்க ஒரு விரலால் ஒரு இடத்தைத் தொட்டாள். அன்று மாலையே செய்தி வந்தது. "மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, தங்கள் இல்லத்தின் இரண்டாம் நபர் வீடு திரும்பியதும் தெரிவிக்கவும். அவர் வருகைக்காக நாங்களும் காத்திருக்கிறோம்." கீழே சிரிக்கும் முகம் ஒன்று.

மாடியில் சிக்னல் எதற்கு என்றால், அக்காவுக்காக.

அவளுடைய தையல் மிஷின் மாடியில் இருந்தது. இரும்புக் கால் வைத்த பழைய மிஷின். படிக்கட்டுக்குக் கைப்பிடி வைப்பதற்கு முன்னால் அதை மேலே ஏற்றிவிட்டார்கள். கைப்பிடி வைத்த பிறகு இறக்க வழியில்லாமல் போய்விட்டது. அதைப் பற்றி அவள் குறைப்பட்டதில்லை. பெரிய ஜன்னல் மாடியில்தான். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரியும் வெளிச்சம் அந்த வீட்டில் வேறெங்கும் கிடையாது. வைஃபை பெட்டியோ தெருவிலிருந்து வயர் நுழையும் இடத்தில், கீழே வாசல் கதவுக்குப் பின்னால் இருந்தது. அதன் அலை கூடத்தைச் சுற்றி, சமையலறையை எட்டிப் பார்த்து, படிக்கட்டின் திருப்பம் வரை ஏறி, அங்கே மூச்சு வாங்கி நின்றுவிடும்.

அக்கா கடல் கடந்து மகன் வீட்டில் இருந்தாள். முழங்கால் போய்விட்டது. இங்கே மதியம் என்றால் அங்கே காலை. மகனும் மருமகளும் வேலைக்குப் போனதும் வீட்டில் அக்காவும் ஜன்னலும் மட்டும். அப்போதுதான் இருவரும் டேப்லெட்டில், வீடியோ அழைப்பில் முகம் பார்த்துக்கொள்வார்கள். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்வதில்லை. அக்கா காய் நறுக்குவாள், தூங்கிப் போவாள், விழித்து "எங்க விட்டோம்?" என்பாள். எங்கேயும் விட்டிருக்க மாட்டார்கள். இங்கே இவள் தைத்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்காரர் போன பிறகு தொடங்கிய வழக்கம் அது. கொஞ்ச நாள் அலை எப்படியோ மாடிவரை வந்தது. பிறகு நிறுவனம் பழைய பெட்டியை எடுத்துக்கொண்டு, "மேம்படுத்தப்பட்ட" புதிய பெட்டியை வைத்தது. மேம்பட்டதிலிருந்து அலை மாடி ஏறவில்லை.

இப்போது அவள் படிக்கட்டுத் திருப்பத்தில் உட்கார்ந்து பேசினாள். கைத்தையல் இருந்தால் மடியில் வைத்துக்கொள்வாள். அதிலும் அக்காவின் முகம் வாய் திறந்தபடி, கண் பாதி மூடியபடி அப்படி அப்படியே நின்றுவிடும்.

"குட்டி, நின்னுட்டியா?" என்று குரல் மட்டும் வரும். அறுபதைத் தொட்ட பிறகும் அக்காவுக்கு அவள் குட்டிதான்.

"நான் நிக்கலக்கா, நீதான் நிக்கறே. கொட்டாவி விட்ட மாதிரி."

"எனக்கு நீ இருமற மாதிரி நிக்கறே. அழகா நில்லேன்டி ஒரு நாளாவது." பிறகு, "மிஷின் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாச்சு. அது இல்லாம இங்க பொழுது அசையவே மாட்டேங்குது," என்பாள். அக்கா எதற்கும் குறை சொல்கிறவள் அல்ல. அதனால் அது இவள் மனதில் தைத்தது.

கடையில் வேறு பெட்டி வாங்கிப் பார்க்கலாம் என்று போனாள். கடைக்காரர் எடுத்த எடுப்பிலேயே, "அவங்க பெட்டி அவங்க பெட்டியோட மட்டும்தான் பேசும். வேற யாரோடயும் வாயே திறக்காது," என்றார். அந்தத் தெருவில் வேறு நிறுவனத்தின் வயரும் கிடையாது.

தினமும் செய்தி வந்தது. இரண்டாம் நபர் வீடு திரும்பினாரா? திரும்பியிருந்தால் ஒன்று, இல்லையென்றால் இரண்டு. பதில் அனுப்பாவிட்டால் புகார் காலாவதியாகும். எனவே அவள் தினமும் இரண்டை அழுத்தினாள். பாத்திரம் கழுவிய ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அழுத்துவாள்: இன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். எந்தக் கட்டடத்தில் எவர் நடுவழியில் மாட்டிக்கொண்டாலும், எந்நேரமானாலும் ஓடுவார். ஊரையே மேலும் கீழும் அனுப்பி வைப்பவர் வீட்டில் படியேறும்போது மட்டும், "இந்த வீட்டுக்கு ஒரு லிஃப்ட் வச்சிருக்கலாம்," என்று பெருமூச்சு விடுவார். எப்போது வருவார் என்று சொல்ல முடியாததால், அவள் வாசல் கதவின் மேல் தாழ்ப்பாளைப் போடாமல் படுப்பாள். அவர் இறந்த பிறகும் ரொம்ப நாள் போடவில்லை. கேட் அசையும் சத்தத்துக்கு விழித்துக்கொள்ளும் காது அது பாட்டுக்கு விழித்துக்கொண்டிருந்தது. பிறகு ஒருநாள் தாழ்ப்பாளைப் போட்டாள். அதற்கு அவளுக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்பது யாருக்கும் தெரியாது.

செய்திகள் வரத் தொடங்கிய பிறகு ஒரு காலையில் பால் எடுக்கக் கதவைத் திறக்கப் போனவள், மேல் தாழ்ப்பாள் போடாமல் இருப்பதைப் பார்த்தாள். மறந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாளும் அது போடப்படாமல் இருந்தது.

நிறுவனம் ஆளை அனுப்பியது. வாட்டசாட்டமான ஆள், நெஞ்சில் நிறுவனத்தின் பறவைச் சின்னம். வாசலில் நின்று முதலில் தன்னையே சிரித்த முகமாகப் போட்டோ எடுத்துக்கொண்டான். வந்து சேர்ந்ததற்கு அத்தாட்சி. பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு, "வணக்கம். இல்லங்களை இதயங்களாக இணைக்கும்..." என்று ஆரம்பித்தான்.

"உள்ள வாப்பா, வெயில்ல நிக்காதே."

அவன் நிறுத்தினான். "நடுவுல பேசினா முதல்லருந்து சொல்லணும்க்கா. பதிவாகுது." மறுபடியும் கைகளைக் கட்டினான். "வணக்கம். இல்லங்களை இதயங்களாக இணைக்கும் எங்கள் குடும்பத்தின் சார்பில்..."

"சரிப்பா."

"வணக்கம். இல்லங்களை..."

மூன்றாம் தடவை அவள் மூச்சையும் அடக்கிக்கொண்டு நின்றாள். அவன் சொல்லி முடித்து, காலணிக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு, மாடிக்குப் போனான். போனவன் "வரலை!" என்று கத்தினான். கீழே பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற அவள், "இங்க வருது!" என்று கத்தினாள். அந்த வீட்டில் ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் நின்று குரல் கொடுத்து ரொம்ப காலமாகியிருந்தது.

"ஆச்சே, இருவர் சோதனை முடிஞ்சுதே," என்றாள் அவன் இறங்கி வந்ததும்.

"அய்யய்யோ, நான் கணக்குல வரமாட்டேன்க்கா. நான் நிறுவனம். வாதியும் நானே சாட்சியும் நானேன்னு ஆயிடும்." பையிலிருந்து கைக்கு அடக்கமான வெள்ளைப் பெட்டி ஒன்றை எடுத்துக் காட்டினான். "இதைப் படித் திருப்பத்துல சொருகினா போதும். மேல கொட்டும் சிக்னல்." காட்டிவிட்டுத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டான். "சோதனை தேறினாத்தான் குடுக்கணும். உங்க வீட்டுக்காரர் வந்ததும் கூப்பிடுங்க."

"அவர் இறந்துட்டார்ப்பா."

"ஓ," என்றான். போனைப் பார்த்தான். "இதுல வருவார்னுதான் இருக்கு."

எதிர்வீட்டுப் பெரியவரைக் கூப்பிட்டு மாடியில் நிற்க வைத்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து யாரும் அவரை எங்கும் நிற்கச் சொன்னதில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, போனில் "இப்ப" என்றதும் தெருவே திரும்பிப் பார்க்கும்படி "வரலை!" என்று முழங்கினார். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. மறுநாள் செய்தி வந்தது. "குடியிருப்பவர் அல்லாதவரின் அனுபவம் கணக்கில் சேராது." பெரியவருக்கு அது தாங்கவில்லை. "என் அனுபவத்தையா சொல்றான்?" என்று வாசலிலேயே நின்று கேட்டார்.

கடைசியில் அவள் நேரிலேயே போனாள். நிறுவனத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருந்தது. மாடியிடைப் பிரிவு. இரண்டு பேருந்து மாறிப் போய்ப் பார்த்தால் அது ஒரே தளம் கொண்ட நீளமான கட்டடம். படிக்கட்டே கிடையாது. சுவரில் மட்டும் ஒரு படிக்கட்டின் பெரிய படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. பிரிவுத் தலைவர் அவளை உட்காரச் சொல்லி, ஏசியைக் குறைக்கச் சொல்லி, கைகளைக் கோத்துக்கொண்டார்.

"அம்மா, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. மாடியிடைப் பிரச்சனைன்னா என்ன? மாடில ஒருத்தர், கீழ ஒருத்தர், ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கறதுதான் பிரச்சனை. நீங்க ஒருத்தர். நீங்க மேல இருக்கறப்ப கீழ யாரும் இல்ல. கீழ இருக்கறப்ப மேல யாரும் இல்ல. ஆள் இல்லாத இடத்துல சிக்னல் இல்லன்னா அதுக்குப் பேர் குறையா? சிக்கனம்மா அது!"

"நான் மேல இருக்கறப்பதான் சார் எனக்கு வேணும்."

"பாத்தீங்களா, 'எனக்கு'ங்கறீங்க. தனி ஆள் குறையைப் பாக்க தனிப் பிரிவு இருக்கு. அதை மூடிட்டோம்." அவர் நாற்காலியில் சாய்ந்தார். "இந்தப் பிரிவை ஆரம்பிச்சதே நான்தான். என் வீடு மூணு மாடி. எனக்கும் மேல சிக்னல் வராது. புகார் பண்ணினேனா? மேல போறதையே விட்டுட்டேன். என் பையன் மேலதான் இருக்கான். கீழ வர்றப்ப பேசிக்குவோம்."

"வருவாரா சார்?"

"வர்றதில்லை. அது வேற விஷயம்." அவர் மேசைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார். "நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். காத்திருங்க. உங்க இரண்டாம் நபர் வந்ததும்..."

"சார், அவர் இறந்துட்டார்."

"அப்படின்னு நீங்க சொல்றீங்க. பதிவுல வருவார்னு இருக்கு. பதிவை மாத்தணும்னா அதுக்கும் வழி இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து வந்து கேக்கணும்."

அவர் இதைச் சொன்னபோது முகத்தில் கேலி துளியும் இல்லை. ஒரு நல்ல வழியைக் காட்டிவிட்ட நிறைவோடு வாசல்வரை வந்து வழியனுப்பினார். பேருந்தில் திரும்பும்போது அவளுக்குக் கோபம் வரவில்லை. மாடிக்குப் போவதை விட்டுவிட்ட ஒரு மனிதர் ஜன்னல் கண்ணாடியில் கூடவே வந்துகொண்டிருந்தார்.

பிறகு நிறுவனம் "முழு இல்ல வாரம்" கொண்டாடியது. அந்த வாரம் முடிவதற்குள் எல்லாப் புகார்களும் தீர்ந்திருக்க வேண்டும் என்பது மேலிடத்தின் கட்டளை. மாடியிடைப் பிரிவில் ஒன்று மட்டும் தீராமல் நின்றது. வாட்டசாட்டமான ஆள் ஒரு மதியம் மறுபடியும் வந்தான். இந்தத் தடவை அவள் வாயைத் திறக்காமல் வணக்கத்தை முழுசாக வாங்கிக்கொண்டாள்.

"வழி கண்டுபிடிச்சுட்டாங்கக்கா," என்றான். பையிலிருந்து வெள்ளைப் பெட்டியை எடுத்துப் படித் திருப்பத்தில் சொருகினான். "முதல்ல பாத்துடுங்க. அப்புறம் பேசலாம்."

அவள் டேப்பில் அக்காவைக் கூப்பிட்டு, அதை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். ஒரு படியிலும் அக்காவின் முகம் அசையாமல் நிற்கவில்லை. மிஷின்மேல் சாய்த்து வைத்தாள். அக்காவின் முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது. நகர்ந்தது.

"அடி குட்டி, மாடிக்கு வந்துட்டியா! இரு இரு, அந்த ஜன்னல் திரையை எப்ப மாத்தினே? நான் பார்க்கவே இல்லையே."

"மாத்தி நாலஞ்சு மாசமாச்சுக்கா."

"நல்லாத்தான் இருக்கு. பழசுதான் எனக்குப் பிடிக்கும். சரி, ஓட்டுடி, ஓட்டு."

அவள் துணி எதுவும் வைக்காமலே மிஷினை மிதித்தாள். அங்கே அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். எத்தனையோ நாளாகத் தண்ணீர் காணாத செடிக்கு ஊற்றினால் தண்ணீர் இறங்குவது தெரியுமே, அதுபோல அக்காவின் முகம் மெல்ல இளகியது. அவள் மிதித்துக்கொண்டே இருந்தாள்.

படியேறி வந்த ஆள் தன் போனை நீட்டினான். "இப்ப ஒரே ஒரு வேலைக்கா. இதுல பீப் வந்ததும் ஒரு வரி சொல்லணும். 'என் இல்லத்தின் இரண்டாம் நபர் வீடு திரும்பிவிட்டார்.' அவ்வளவுதான். உங்க குரல்ல சொன்னா சோதனை தேறினதா எடுத்துக்கும். பெட்டி உங்களுக்கு."

கால் நின்றது. மிஷினின் சக்கரம் இன்னும் கொஞ்சம் சுற்றி ஓய்ந்தது.

"சும்மா ஒரு வார்த்தைதானேக்கா. யாரு கேக்கப் போறா? கம்ப்யூட்டர்தானே கேக்குது."

"என்னவாம்டி?" என்றாள் அக்கா.

அவன் டேப்புக்குக் குனிந்து அக்காவுக்கும் விளக்கினான். அக்கா இரண்டு கண்ணையும் திறந்து கேட்டாள். "சொல்லித் தொலையேன்டி குட்டி. நீ சொன்னா அந்த மனுஷன் எழுந்து வந்து நிக்கப் போறாரா? அவங்க பொய், அவங்க தலைல."

அக்கா சொன்னது சரிதான். பொய் அவர்களுடையது. இரண்டை அழுத்தியபோதெல்லாம் அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். ஆனால் அவர்களுடைய வார்த்தைக்கே அவள் கை தாழ்ப்பாளைப் போடாமல் விட்டுவிட்டு வந்தது. அவள் வாயாலேயே வந்துவிட்டார் என்று சொன்னால், அவள் காது அதைக் கேட்கும். கம்ப்யூட்டருக்குச் சொன்னது என்று காதுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அது மறுபடியும் கேட்டின் சத்தத்துக்காகக் காத்திருக்க ஆரம்பிக்கும். அவர் வரமாட்டார் என்பதை அவள் ஒரே நாளில் தெரிந்துகொண்டுவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, ஆளில்லாத வீட்டில், யாரும் கூட நின்று "ஆமாம்" என்று சொல்லாமல் தெரிந்துகொண்டது. அவரைப் பற்றி அவளிடம் மிச்சமிருந்த உண்மை அது ஒன்றுதான்.

போனிலிருந்து இனிமையான குரல் வந்தது. "பீப் ஒலிக்குப் பிறகு தெளிவாகச் சொல்லவும்." பீப் ஒலித்தது.

அந்த ஆள், சொல்லுங்க என்று தலையை ஆட்டினான். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"தங்கள் பதில் கிடைக்கவில்லை. மீண்டும் ஒருமுறை சொல்லவும்." பீப்.

அவள் போனைத் திருப்பி அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"வேண்டாம்ப்பா," என்றாள். "பெட்டியக் கழட்டிக்கோ." பிறகு டேப்பின் பக்கம் திரும்பி, அக்காவின் முகம் இன்னும் அசைந்துகொண்டிருக்கும்போதே, "நீ இரு அக்கா, நான் கீழ படிக்கு வந்துடறேன்," என்றாள்.